பெட்ரோமாக்ஸ் மேண்டில் முதல் பொட்டாஷ் மூட்டை வரை: நம் சிறுவயதுக் கதிர்வீச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், தாராபுரம், சென்னிமலை வட்டாரங்களில் 1960களிலும் 70களிலும் சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு மருத்துவ அறிக்கையோடு நடமாடும் வயதை எட்டிவிட்டோம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருந்தது என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியதிலிருந்து உறவுக்காரர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன். கேட்பவர்களின் பயம் உண்மையானது. அதைத் தட்டிக்கழிக்கவும் கூடாது, ஊதிப் பெரிதாக்கவும் கூடாது.

பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் கதிரியக்கப் பொருள் இருந்தது உண்மைதானா?

உண்மைதான். நூல்வலையால் ஆன அந்தச் சிறு பையைத் தோரியம் நைட்ரேட் கரைசலில் நனைத்து உலர்த்தித்தான் விற்றார்கள். விளக்கில் கட்டி முதன்முறை கொளுத்தியதும் நூல் எரிந்துபோகும். மிஞ்சும் வெள்ளைக் கூடு தோரியம் ஆக்சைடு. அதில் நூற்றுக்கு 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்ற கலவையை 1891இல் நிலைப்படுத்தியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். பெட்ரோமாக்ஸ் விளக்கு 1910 வாக்கில் பெர்லினில் பிறந்தது.

தோரியத்தின் மூலமோ நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1909இல் திருவிதாங்கூர் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் அந்த மணலை அள்ளி ஐரோப்பாவின் எரிவாயு விளக்குகளுக்குக் கப்பலேற்றினார்கள். விடுதலைக்குப் பின் 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. இங்கே பிரித்தெடுத்த தோரியம் நைட்ரேட் உள்நாட்டு மேண்டில் தொழிலுக்கும் போயிற்று. நம் மாரியம்மன் நோம்பியில் எரிந்தது பெரும்பாலும் தென்கடல் மணல்தான்.

அப்படியென்றால் அந்த வெள்ளை வெளிச்சமே கதிர்வீச்சால் வந்ததா?

இல்லை. பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆவியான சீமெண்ணெய் எரியும் சூட்டில் கூடு பழுக்கக் காய்ந்து ஒளிர்ந்தது, அவ்வளவுதான். தோரியம் ஆக்சைடு 3,300 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. வாங்கிய சூட்டை வெறும் வெப்பமாகக் கசியவிடாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தருவதில் இந்தக் கலவைக்கு நிகர் அன்று இல்லை. தோரியத்தைத் தேர்ந்தது இந்தக் குணத்துக்காகத்தான். கதிரியக்கம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேண்டில் பிறந்தபோது தோரியத்துக்குக் கதிரியக்கம் உண்டென்பதே யாருக்கும் தெரியாது. அது 1898இல்தான் தெரிய வந்தது.

உடுக்கைப் பாட்டு நடக்கும்போது விடிய விடிய அந்த விளக்கடியில்தான் படுத்துக் கிடந்தோம். அது எங்களைப் பாதித்திருக்குமா?

படுத்துக் கிடந்ததால் பாதித்திருக்காது. தோரியம்-232 முதன்மையாக வெளியிடுவது ஆல்ஃபா துகள் என்ற கதிர். காற்றில் சில சென்டிமீட்டர் போவதற்குள் அது ஓய்ந்துவிடும். மேல்தோலின் இறந்த படலமே அதைத் தடுத்துவிடும். தோரியம் சிதைந்து பிறக்கும் வழித்தோன்றல் தனிமங்கள் இன்னும் ஊடுருவும் பீட்டா, காமா கதிர்களையும் வெளியிடும்தான். ஆனால் ஒரு மேண்டிலில் இருப்பதே சில நூறு மில்லிகிராம் தோரியம். கம்பத்துக்கு அந்தப் பக்கம் தொங்கிய விளக்கிலிருந்து நம்மை வந்தடைந்தது மண்ணும் பாறையும் அன்றாடம் தரும் கதிர்வீச்சில் காணாமல்போகும் அளவுதான்.

ஆல்ஃபா துகள் உடம்புக்குள் போய்விட்டால் கதை மாறும். அப்போது தடுக்க இறந்த தோல் கிடையாது, பக்கத்தில் இருப்பது உயிருள்ள திசு. ஆகையால் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் இரண்டு. புது மேண்டிலை முதன்முறை கொளுத்தும்போது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்களா? உடைந்த மேண்டில் தூளில் விளையாடினீர்களா?

முதல் கொளுத்தலின்போது ரேடியம், ஈயம், பிஸ்மத் ஆகிய வழித்தோன்றல்களில் ஒரு பங்கு சூட்டில் ஆவியாகிப் புகையோடு வெளியேறும். பிறகு எரிக்கும்போது அவ்வளவு வெளியேறுவதில்லை. உடைந்த தூளை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திருநீறு போல நெற்றியில் இட்டுக்கொண்டு விளையாடினோம். அவ்வளவு மென்மையாக இருக்கும். அதே கையோடு முறுக்கும் தின்றிருப்போம். அப்படி வயிற்றுக்குள் போனதில் பெரும்பங்கு தங்கவில்லை, ஏனென்றால் தோரியம் ஆக்சைடு கரையாது. குடல் மிக மிகச் சிறிய பங்கையே உறிஞ்சும், மிச்சம் மலத்தோடு போய்விடும். மூச்சில் போன தூள் நுரையீரலில் நெடுநாள் தங்கக்கூடியது. ஆனாலும் எப்போதோ ஒருமுறை நோம்பியில் விளையாடிய பிள்ளை இழுத்த அளவு மிகச் சொற்பம்.

இதே தோரியம் ஆக்சைடை மருத்துவம் நேரடியாக ரத்தத்தில் ஏற்றிய காலமும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக 1930களிலிருந்து ஏறத்தாழ 1950கள் வரை ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 'தோரோட்ராஸ்ட்' என்ற மருந்தைச் செலுத்தினார்கள். ஒரே ஊசியில் கிராம் கணக்கில் தோரியம். ஈரலில் தங்கிய அது வெளியேறவே இல்லை. 20, 30 ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. பொருள் ஒன்றுதான், போன வழியும் அளவும் வேறு. கதிர்வீச்சைப் பற்றி என்னிடம் யார் எது கேட்டாலும் இந்த இரண்டையும்தான் முதலில் விசாரிப்பேன்.

அப்படியானால் பெட்ரோமாக்ஸால் யாருமே பாதிக்கப்படவில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவன் நான்.

மாப்பிள்ளை அழைப்பில் விளக்கைத் தலையில் சுமந்து நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். வாடகை விளக்குக் கடையின் சிறு அறையில் முகூர்த்த நாட்களில் வரிசையாக விளக்குகளை வைத்துக்கொண்டு மேண்டில் கட்டியவரை நினைத்துப் பாருங்கள். பழைய கூட்டைத் தட்டி உதிர்ப்பார், பர்னரில் ஒட்டியதை வாயால் ஊதுவார், புதியதைக் கட்டிக் கொளுத்துவார். ஆவியாகும் வழித்தோன்றல்கள் மிகுதியாக எழும் அந்த முதல் புகை அவருக்கு அன்றாட வேலை. ஆண்டுக்கு ஓரிரு இரவு விளக்கடியில் படுத்த நமக்கும் அவருக்கும் ஒப்பீடே கிடையாது. அவருக்கும் முந்தியவர்கள் தோரியம் நைட்ரேட் கரைசலில் நூலை நனைத்து, உலர்த்தி, தைத்து, அட்டைப்பெட்டியில் அடைத்த தொழிலாளர்கள். தூளும் அவர்களுக்குத்தான், தோரியத்திலிருந்து எழும் தோரான் என்ற கதிரியக்க வாயுவும் அவர்களுக்குத்தான்.

இந்தியாவில் கதிர்ப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது 1983 நவம்பரில். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே மேண்டில் எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்காரரின் நுரையீரலை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு வாசலோடு போனவர் அவர். இன்று நமக்கு என்ன ஆகும் என்று பதறுகிறவர்கள் அவருக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் விசாரித்தால் எனக்கு மகிழ்ச்சி.

அப்புச்சியின் கைக்கடிகாரம் இருட்டில் பச்சையாக ஒளிர்ந்தது. அது ரேடியமா?

போர்க் காலத்தில் பட்டாளத்திலிருந்தோ சிலோன், மலேயாவிலிருந்தோ வந்த கடிகாரம் என்றால் பெரும்பாலும் ரேடியம்தான். 1960களிலிருந்து டிரிட்டியம், புரோமிதியம் ஆகிய வேறு கதிரியக்கப் பொருள்கள் அதன் இடத்துக்கு வரத் தொடங்கின. இவை வலிமை குறைந்தவை, கடிகாரத்தின் கண்ணாடியையும் உலோகத்தையும் தாண்டி வெளியே வருவது மிகக் குறைவு. பிற்காலக் கடிகாரங்களில் பகல் வெளிச்சத்தை வாங்கி இருட்டில் திருப்பித் தரும் பூச்சுதான், அதில் கதிரியக்கமே கிடையாது.

"இப்போது அது ஒளிர்வதில்லை, ரேடியம் தீர்ந்துவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். தீரவில்லை. ரேடியம்-226இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. ஒளி தந்தது அதோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடு. கதிர் பட்டுப் பட்டுச் சிதைந்தது அதுதான். இருண்டுபோன பழைய முகப்பிலும் ரேடியம் முழுதாக இருக்கிறது. கட்டியிருந்ததால் அப்புச்சிக்கு வந்த கதிர்வீச்சு சிறியதே. திறந்து முகப்பைச் சுரண்டினால்தான் ஆபத்து, உதிரும் பூச்சு கையிலும் மூச்சிலும் ஏறும்.

இங்கும் பாடுபட்டவர்கள் கடிகாரம் கட்டியவர்கள் அல்லர். அமெரிக்காவில் நியூ ஜெர்சி, இல்லினாய் மாநிலங்களில் 1917 முதல் 1920கள் வரை இந்த முகப்புகளுக்குச் சாயம் தீட்டியவர்கள் இளம்பெண்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியம் உடம்புக்குள் சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடிக்கும், எலும்பில் போய் அமரும். தாடை எலும்பு அழுகி அவர்களில் பலர் இறந்தார்கள். நோயோடு நீதிமன்றம் போன ஐந்து பெண்களுக்கு 1928இல் இழப்பீடு கிடைத்தது. உலகத்தில் தொழிலாளர் கதிர்ப் பாதுகாப்பு விதிகள் உருவாக அவர்கள் பட்ட பாடு ஒரு பெரிய காரணம்.

லாரியிலும் சைக்கிளிலும் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர்?

அதில் ரேடியமே இல்லை. முகப்பு விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகள்தான். பயமின்றி ஒட்டுங்கள். இரவில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒட்டினால் உயிர் காக்கும்.

பெருந்துறை காசநோய் சானடோரியத்தில் அப்பாருக்கு நெஞ்சு எக்ஸ்ரே அடிக்கடி எடுத்தார்கள். எங்களையும் நிறுத்திப் பார்த்தார்கள். அது ஆபத்தா?

உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே தருவது இன்றைய கருவியில் சுமார் 0.02 மில்லிசீவர்ட், பழைய கருவியில் அதைவிடக் கூடுதல். இயற்கையிலிருந்து ஒரு மனிதன் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஓரிரு படங்களால் கவலைப்பட ஒன்றுமில்லை.

படம் எடுக்காமல் இருட்டறையில் நிறுத்தி, ஒளிரும் திரையில் மருத்துவர் நேரடியாகப் பார்க்கும் முறை வேறு. பார்த்து முடியும்வரை கதிர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு படத்துக்கு ஆவதைப்போலப் பல மடங்கு அப்படியே ஏறும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் கனடாவிலும், காசநோய்ச் சிகிச்சைக்காகப் பல பத்து முறை இப்படித் திரையில் பார்க்கப்பட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது ஆய்வில் உறுதியாயிற்று. ஆனால் சல்லடையாகிக்கொண்டிருந்த நுரையீரலைக் காப்பாற்ற அன்று வேறு கண் இல்லை. பஞ்சாலைத் தூசியிலும் காசத்திலும் ஆட்களை இழந்துகொண்டிருந்த நம் வட்டாரத்துக்கு எக்ஸ்ரே செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். எக்ஸ்ரே அறையில் துள்ளும் குழந்தையைத் தாயையே பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஈய அங்கி கொடுக்காமல் படம் எடுத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். கருவுற்றிருக்கிறாயா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இன்றும் அங்கி கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. சி.டி. ஸ்கேன் என்றால் அவசியமா என்று கட்டாயம் கேளுங்கள். நெஞ்சு ஸ்கேன் ஒன்று ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட், நூற்றுக்கணக்கான நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம். பழைய மேண்டிலுக்குப் பயப்படுகிறவர்கள், தலைவலிக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்துவது எனக்குப் புரியவில்லை.

டிவிக்குப் பக்கத்தில் உட்காராதே என்று அம்மாயி திட்டுவார். சரியா?

பழைய படக்குழாய் டிவியில் மின்னணுக்கள் வேகமாக வந்து மோதுவதால் மென்மையான எக்ஸ்கதிர் உண்டாகும். ஈயம் கலந்த கண்ணாடி அதை விழுங்கிவிடும். 1967இல் அமெரிக்காவில் சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அளவு மீறிக் கசிந்து திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பின்தான் அங்கே கண்டிப்பான சட்டம் வந்தது. நம் பஞ்சாயத்து டிவி கறுப்பு வெள்ளைப் பெட்டி, மின்னழுத்தம் குறைவு. அம்மாயியின் பேச்சு கண்ணுக்கு நல்லது.

சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், பொட்டாஷ் உர மூட்டை மேல் ஏறித்தான் விளையாடினோம். அதிலும் கதிர்வீச்சு இருக்கிறதாமே?

இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியம் அணுக்களில் 10,000க்கு ஏறத்தாழ ஒன்று கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் சுமார் 25 கிலோ பொட்டாசியம் உண்டு. கிராமுக்கு நொடிக்கு 31 சிதைவு என்று கணக்கிட்டால் அந்த மூட்டையில் ஒவ்வொரு நொடியும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. கேட்டால் தலை சுற்றும். ஆனால் பத்துச் சிதைவில் ஒன்றுதான் ஊடுருவும் காமாவைத் தரும், அதிலும் ஒரு பங்கை மூட்டையே தடுத்துவிடும்.

நம் உடம்பிலேயே இதே பொட்டாசியம்-40 நொடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் சிதைகிறது. பொள்ளாச்சி இளநீரிலும் வாழைப்பழத்திலும் அது இருக்கிறது. இளநீர் குடித்தால் கூடிவிடுமா என்று கேட்காதீர்கள். உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். மூட்டையில் ஏறியதில் உண்மையான ஆபத்து, பக்கத்தில் வைத்திருந்த பூச்சிமருந்து டப்பா.

கருங்கல் வீடு, பாறைக் கிணறு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்?

கொங்கு நாடு முழுக்கப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. சென்னிமலையும் சிவன்மலையும் நம் கண்முன் நிற்கின்றன. எந்தப் பாறையிலும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் இருக்கும், வண்டல் மண்ணைவிடக் கருங்கல்லில் பொதுவாகக் கூடுதல். யுரேனியம் சிதையும் வழியில் ரேடான் வாயு பிறக்கிறது. பூட்டிய அறையில் தேங்கினால் அது நுரையீரலுக்குத் தீங்கு. ஓட்டு வீடும் ஆசாரம் என்ற திறந்த முன்கூடமும் காற்றோடியதால் அதைத் தேங்கவிடவில்லை. ஏசி போட்டு எப்போதும் சாத்தியே வைத்திருக்கும் வீடுகள்தான் சன்னலைக் கொஞ்சம் திறக்க வேண்டும்.

தண்ணீரில் கரைந்த ரேடான் தொட்டியில் விழும்போதே பெரும்பாலும் பறந்துவிடும், அதன் அரை ஆயுளும் 3.8 நாள்தான். ஆயிரம் அடிக்குப் போன ஆழ்துளைக் கிணற்றில் யுரேனியத்தைப் பார்ப்பது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. கதிர்வீச்சைவிடச் சிறுநீரகத்துக்கு அதனால் வரும் வேதித் தீங்குதான் அந்த எல்லைக்குக் காரணம்.

ஊட்டிக்குப் போனால் கூடுமா?

கூடும். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் கடல்மட்டத்தைவிட 2,200 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விண்கதிர் ஆய்வகம் வைத்திருக்கிறது. கோடை விடுமுறைக்குப் போய்வந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அணுகுண்டுச் சோதனைக் காலத்தில் பிறந்தோமே?

1963இல் மூன்று வல்லரசுகள் ஒப்பந்தம் செய்து வானில் வெடிப்பதை நிறுத்தும் முன், வடகோளக் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அக்காலத்தில் வளர்ந்த எல்லா உடம்பிலும், நம் ஊர் வேப்பமரத்திலும் அதன் தடம் உண்டு. குண்டுவெடிப்பில் பிறந்த ஸ்ட்ரான்சியம்-90 மழையோடு புல்லில் இறங்கிப் பாலில் வந்து எலும்பில் தங்கியது. அளவு சிறியது. ஆனால் நம்மைக் கேட்காமல் எவரோ நம் எலும்பில் வைத்தது அது. அளவு சிறியது என்பதற்காக அதை நான் மன்னிக்க மாட்டேன்.

அப்படியென்றால் எங்கள் சிறுவயதில் மிக மோசமானது எது?

பீடியும் சுருட்டும். வேப்பங்காயாகக் கசந்தாலும் பதில் அதுதான். புகையிலையின் பிசுபிசுத்த ரோமங்களில் காற்றிலிருந்து ஈயம்-210 படிகிறது, பாஸ்பேட் உரத்தின் வழியாகவும் வருகிறது. அதிலிருந்து பொலோனியம்-210 பிறக்கிறது, ஆல்ஃபா வெளியிடும் தனிமம். பற்றவைத்ததும் புகையோடு நேரே நுரையீரலுக்குப் போய்ப் படியும். புகையில் இருக்கும் மற்ற நஞ்சுகள் வேறு. மேண்டில் தூள் எப்போதோ ஒருமுறை வந்தது. திண்ணையில் பீடிப் புகை ஒவ்வொரு மாலையும் வந்தது, மடியில் பேரப்பிள்ளை இருக்கும்போதே வந்தது. விளக்கைக் குறைகூறும் எத்தனையோ பேர் இன்னும் புகைத்துக்கொண்டே கேட்கிறார்கள்.

என் தங்கைக்குப் புற்றுநோய். மேண்டிலில் விளையாடியதால்தானா?

ஒருவருக்கு வந்த நோயை எந்தக் கதிரோடும் முடிச்சுப் போட முடியாது, எந்த மருத்துவராலும் முடியாது. கூட்டமாக மக்களைப் பார்த்தால்தான் தெரியும். மோனசைட் மணல் மேலேயே வாழும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். நம்மைவிடப் பல மடங்கு இயற்கைக் கதிர்வீச்சு பெறும் அவர்களிடம் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. உங்கள் தங்கையை மேண்டிலில் விளையாடவிட்டதற்காக யாரும் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அவருக்கு வேண்டியது சிகிச்சையும் துணையும்.

செல்போன் கோபுரம்?

அது அணுவிலிருந்து மின்னணுவைப் பிடுங்கும் வகைக் கதிர்வீச்சே அல்ல. இங்கே பேசியவற்றோடு அதைச் சேர்க்காதீர்கள்.

பரணில் பழைய மேண்டில் பெட்டியும் கடிகாரமும் இருக்கின்றன. என்ன செய்வது?

மேண்டிலை உறையோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கொளுத்திப் பார்க்க வேண்டாம். உடைந்து கிடந்தால் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் பையில் கட்டுங்கள். இன்று கடைகளில் இட்ரியம் கலந்த மேண்டில் கிடைக்கிறது, அதில் கதிரியக்கம் இல்லை. கடிகாரத்தைத் திறக்காமல் ஒரு டப்பாவில் வைத்தால் போதும்.

வீட்டுப் பரணைவிட எனக்குப் பெரிய கவலை காயலான் கடை. கோவை பவுண்டரிகளில் வார்ப்புகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் பயன்படுகிறது. மருத்துவமனைகளில் கோபால்ட்-60 என்ற இன்னொன்று இருந்திருக்கிறது. முறையாகப் பூட்டி வைத்தவரை ஆபத்தில்லை. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்திலிருந்து ஒரு கருவி பழைய இரும்புக் கடைக்கு வந்தது. உள்ளே இருந்த சீசியம் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது, ஆசையாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அந்தக் கையோடு சாப்பிட்ட ஆறு வயதுச் சிறுமி உள்பட நான்கு பேர் இறந்தார்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் ஏலத்தில் வந்த ஆய்வுக் கருவியிலிருந்து கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒருவர் இறந்தார்.

அளவுக்கு மீறிய கனமுள்ள ஈய உருளையோ, மஞ்சள் தரையில் மூன்று இதழ் போன்ற குறியுள்ள பெட்டியோ பழைய இரும்பில் வந்தால் வெட்டாதீர்கள், தட்டாதீர்கள், பையில் போடாதீர்கள். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வழியாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போகும். கடையில் இரும்பு பொறுக்கி எடை போடும் பையன்களுக்கு அந்தக் குறியைத் தாளில் வரைந்து காட்டுங்கள்.